ஏழாவது பிரிவும் ஒரு வாக்குறுதியும்

1783 மே 6ஆம் நாள், ஹட்சன் ஆற்றை ஒட்டிய டாப்பான் என்ற சிற்றூரில் ஜார்ஜ் வாஷிங்டனும் பிரிட்டிஷ் தளபதி சர் கை கார்ல்டனும் சந்தித்தார்கள். எட்டாண்டுப் போர் ஓய்ந்திருந்தது. அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்களும் பிரிட்டிஷ் பேரரசின் பிடியிலிருந்து விடுபட்டாகிவிட்டது. நியூயார்க்கை விட்டுப் பிரிட்டிஷ் படை எப்போது கிளம்பும் என்பதும் பேச வேண்டியதாக இருந்தது. ஆனால் வாஷிங்டன் முதலில் எடுத்த பேச்சு, அந்த நகரத்தில் தஞ்சம் புகுந்திருந்த அடிமைகளைப் பற்றியது. அமெரிக்கர்களின் கறுப்பின அடிமைகளையோ மற்ற உடைமைகளையோ படை கொண்டுபோகக் கூடாது என்று சமாதான ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு சொன்னது. சிலர் ஏற்கெனவே கப்பலேறிவிட்டார்கள் என்றார் கார்ல்டன். வாஷிங்டன் திடுக்கிட்டார். விடுதலை தருவதாக அரசு சொன்ன சொல்லை நம்பி வந்தவர்களைப் பிடித்துக் கொடுப்பது மானக்கேடு என்று கார்ல்டன் உறுதியாக நின்றார். ஒரே அரசு இரு தரப்புக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது: ஒன்று இன்னொரு அரசுக்கு, கையெழுத்தும் முத்திரையும் இட்டு, மற்றது தப்பி ஓடிவந்த அடிமைக்கு. இரண்டும் மோதும்போது எதைக் காப்பது அறம்?

அடிமைகளுக்குக் கொடுத்த வாக்கு அருளால் பிறந்ததல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் அரசர் பக்கம் ஆயுதம் ஏந்தினால் விடுதலை என்று அறிவித்தார். அவரே அடிமைகளை வைத்திருந்தவர். அரசருக்கு விசுவாசமாக இருந்தவர்களின் அடிமைகளுக்கு அவர் அறிவிப்பில் இடமில்லை. 1779இல் தளபதி ஹென்றி கிளின்டன் அந்த அழைப்பை இன்னும் விரித்தார். எல்லாம் போர்த் தந்திரம்தான். குடியேற்றங்களின் சுமார் 25 லட்சம் மக்களில் 5 லட்சம் பேர் அடிமைகளாக இருந்த நாட்டில் அது பலித்தது. பிடிபட்டால் கசையடி என்று தெரிந்தும், பல்லாயிரம் பேர் உயிரைப் பணயம் வைத்து ஆறுகளையும் சதுப்புகளையும் கடந்து வந்தார்கள். அழைத்தவனின் உள்நோக்கம் எதுவாக இருந்தாலும், அந்த அழைப்பை நம்பி ஒருவர் தன் உயிரை ஒப்படைத்த கணத்தில் அது தந்திரம் என்ற நிலையைத் தாண்டிக் கடன் ஆகிவிடுகிறது.

ஏழாவது பிரிவு எப்படிப் பிறந்தது? 1782 நவம்பர் 30, பாரிஸ் நகரில் முதற்கட்ட உடன்படிக்கை கையெழுத்தாகும் தறுவாயில், அமெரிக்கத் தூதர் ஹென்றி லாரன்ஸ் அந்த வாசகத்தைச் சேர்க்கச் சொன்னார். பிரிட்டிஷ் தூதர் ரிச்சர்ட் ஆஸ்வால்ட் மறுபேச்சில்லாமல் ஏற்றார். இருவரும் முன்னாளில் அடிமை வணிகத்தில் கூட்டாளிகள். யாருடைய வாழ்வு அந்த வரியில் தீர்மானமானதோ அவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. இங்கேதான் குடியேறியவர்களின் சொந்த நியாயம் அவர்களுக்கு எதிராகத் திரும்புகிறது. 1765இல் பத்திரங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் முத்திரை வரி போட்டபோது, எங்கள் பிரதிநிதி இல்லாத நாடாளுமன்றம் எங்கள் பணத்தைத் தொடக் கூடாது என்று அவர்கள் கிளர்ந்தார்கள். அது நேர்மையான வாதம். காகிதத்தின் மேல் பதிக்கும் முத்திரைக்கே சம்மதம் வேண்டுமென்றால், உடலையும் பிள்ளைகளையும் திருப்பித் தரச் சொல்லும் வாசகத்துக்கு வேண்டாமா? அவர்கள் புரட்சிக்கு நியாயம் இருந்தது என்று நம்புகிறவர், அதே நியாயத்தால் கார்ல்டன் பக்கம்தான் நின்றாக வேண்டும்.

கார்ல்டன் சொன்ன காரணம் அவர் செய்த செயலைவிடச் சிறியது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே இவர்கள் விடுதலை பெற்றுவிட்டார்கள், எனவே அன்றைக்கு இவர்கள் யாருடைய உடைமையும் அல்லர் என்றார்; தவறென்றால் பின்னர் இழப்பீடு தரலாம் என்று ஒரு பதிவேடும் எழுத வைத்தார். நியூயார்க்கின் ஃபிரான்சிஸ் உணவு விடுதியில் புதன்கிழமைதோறும், அமெரிக்கப் பிரதிநிதிகளின் முன்னிலையில் விசாரணை நடந்தது. கப்பலின் பெயர், ஆளின் பெயர், வயது, தோற்றம், முன்னாள் எசமானின் பெயர் என்று பக்கம் பக்கமாக 3,000 பேர். 1783 ஜூலை 31 அன்று கப்பலேறியவர்களில் ஒருவர் ஹாரி வாஷிங்டன், வயது 43, ஜெனரல் வாஷிங்டனின் மவுன்ட் வெர்னான் பண்ணையிலிருந்து தப்பியவர். சில குழந்தைகளின் பெயருக்கு நேரே, பிரிட்டிஷ் எல்லைக்குள் சுதந்திரமாகப் பிறந்தது என்று குறித்திருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் பிடித்ததை மட்டும் நிறைவேற்றலாம் என்றால் நாடுகளுக்கிடையே எந்தச் சொல்லுக்கும் மதிப்பிருக்காது என்பது வலுவான மறுப்பு. போரை நிறுத்தியதே அந்தக் கையெழுத்துதான். ஆனால் தனக்கு உரிமையில்லாத ஒன்றை ஒருவர் விற்றுவிட்டால், வாங்கியவருக்கு விற்றவரிடம் இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. மூன்றாமவரின் வீட்டுக்குள் புகுந்து எடுக்கும் உரிமை கிடையாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரும், தாமே அடிமைகளை வைத்திருந்தவருமான ஜான் ஜே, 1786இல் காங்கிரஸுக்கு அளித்த அறிக்கையில் ஏறத்தாழ இந்த முடிவுக்குத்தான் வந்தார்: விடுதலை வாக்களித்த பிரிட்டன் அவர்களைத் திருப்பித் தருவது தகாது, எசமானர்களுக்குப் பணம் கொடுக்கட்டும் என்றார். எசமானர்களுக்குப் பணம் சேர வேண்டும் என்பதை ஏற்க முடியாது. ஆனால் ஆளைத் திருப்பக் கூடாது என்று அந்தத் தரப்பிலிருந்தே ஒருவர் கண்டது பெரிய சாட்சி. அக்காலத்து மனிதர்களை இக்காலத்து அளவுகோலால் அளக்கக் கூடாது என்போருக்கும் அதுவே பதில். வெர்மான்ட் 1777இலேயே தன் அரசியல் சட்டத்தில் வயதுவந்தோரின் அடிமைத்தனத்தை விலக்கியிருந்தது. மாசசூசெட்ஸ் அடிமைகள் போருக்கு முன்பே விடுதலை கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். அளவுகோல் அன்றைக்கே இருந்தது.

பிரிட்டனின் கை சுத்தமா என்ற கேள்விக்கு, இல்லை என்பதே விடை. 1781இல் யார்க்டவுன் முற்றுகையில் உணவு குறைந்து அம்மை பரவியபோது, தம்மை நம்பி வந்த கறுப்பின மக்களைக் கோட்டைக்கு வெளியே விரட்டியது பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸின் படை. பின்னாளில் இந்தியாவுக்கு வந்து திப்புவின் மேல் படையெடுத்தவர் அதே காரன்வாலிஸ்தான். அந்த யார்க்டவுனை வைத்துப் பார்த்தால்தான் நியூயார்க்கின் எடை தெரிகிறது: வாக்கை உடைப்பது அந்தப் படைக்குப் பழகிய வேலை, உடைக்க இந்த முறை ஒப்பந்தமே அனுமதியும் தந்திருந்தது. கார்ல்டன் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

கப்பலேறியவர்களுக்கு வாக்கு பாதிதான் நிறைவேறியது. அவர்கள் போய் இறங்கிய நோவா ஸ்கோஷியாவில் பலருக்கு நிலம் வரவேயில்லை, வந்ததும் பாறை நிலம். 1792இல் சுமார் 1,200 பேர் அங்கிருந்து ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போனார்கள். நிலத்துக்கு வரி இருக்காது என்று அழைத்துச் சென்றவர் சொல்லியிருந்தார். அங்கே ஆட்சி செய்த கம்பெனி வரி கேட்டது. 1800இல் அதை எதிர்த்து எழுந்து, நாடு கடத்தப்பட்டவர்களில் ஹாரி வாஷிங்டனும் ஒருவர்.