வேஷம் போடாத மாமா

1996-இல் வந்த 'அவ்வை சண்முகி'யில், விவாகரத்தான பாண்டியன் தன் மகளோடு இருப்பதற்காக மாமி வேஷம் போட்டு, அவள் வீட்டுக்கே வேலைக்குப் போவார். எத்தனை தடவை பார்த்தாலும் சிரிப்பு வரும்.

போடியில், விடியுமுன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காய் எடுக்கப் போயிரும் எங்கம்மா. என்னை வளர்த்தது தாய்மாமாதான். கோணல் வகிடெடுத்து, சடை பின்னி, பள்ளிக்கூடம் வரைக்கும் கூட வருவார். "பொம்பள வேலை பாக்குற கிறுக்கன்"னு தெருவே சிரிக்கும்.

இரண்டும் ஒரே சிரிப்புதானோ? பிள்ளை வளர்க்கும் ஆணை, சேலைக்குள் ஒளித்து வைத்தால்தான் நமக்கு ரசிக்க முடிகிறது. அந்தச் சேலை இல்லாவிட்டால் அவன் கிறுக்கன்.

மாமா எந்த வேஷமும் போடவில்லை. போட்டது நான். "யாருடி அவரு?" என்று கூடப் படித்தவள் கேட்டபோது, "பக்கத்து வீட்டுக்காரர்" என்றேன். அவர் காதில் விழுந்தது. மறுநாளும் சடை பின்னிவிட்டார்.