பாபிலோனில் எந்த பிராஞ்ச்?

 

ஜூன் மாதம் வந்தால் போதும், நம் சபையின் ஜெப விண்ணப்பப் பெட்டி நிரம்பிவிடும். மார்ச் மாதத்தில் “பிள்ளை பாஸாகணும்” என்று எழுதின அதே கை, ஜூனில் “ஐயா, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கணும்” என்று எழுதுகிறது. ஐஐடிக்குள் நுழைகிற அளவுக்குக் கர்த்தர் ஒரு பிள்ளையை உயர்த்தியிருப்பார். ஆனாலும் அந்த வீட்டில் துதி இல்லை, கண்ணீர்தான்! என்ன காரணம்? பிராஞ்ச்.

தேவபிள்ளையே, கொஞ்சம் கணக்குப் பார். ஐஐடி பம்பாயில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பொதுப்பிரிவு இடங்கள் சமீப வருஷங்களில் முதல் 70 ரேங்குக்குள்ளேயே முடிந்துவிட்டன. நம்ம சென்னை ஐஐடியில் 200 ரேங்குக்குள் முடிந்துவிட்டன. அதே சென்னை ஐஐடியில் கப்பல் கட்டும் படிப்புக்குச் சில ஆயிரம் ரேங்க் வரை இடம் கிடைக்கிறது. லட்சக்கணக்கான பிள்ளைகள் எழுதுகிற பரீட்சையில் மூவாயிரமாவது இடத்தில் வந்த பிள்ளையைப் பார்த்து “கோட்டை விட்டுட்டியே” என்று சொல்கிற தகப்பனுக்கு என்ன சொல்வது?

தானியேல் முதலாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நேபுகாத்நேச்சார் நடத்தினதும் ஒரு நுழைவுத் தேர்வுதான். பழுதில்லாதவனாக இருக்கணும், அழகாக இருக்கணும், அறிவிலே தேறினவனாக இருக்கணும். அதற்குப்பின் மூன்று வருஷப் படிப்பு. பாடம் என்ன? கல்தேயருடைய எழுத்தும் பாஷையும். தானியேல் விரும்பிக் கேட்ட பாடமா அது? இல்லை! எருசலேமைக் கொள்ளையடித்தவனுடைய பாஷை. ஆனாலும் அவன் படிப்பை மாற்றித் தரும்படி கேட்டதாக நான் வாசிக்கவில்லை. சாப்பாட்டு விஷயத்தில்தான் கோடு போட்டான். அங்கே அசையவே இல்லை. மூன்று வருஷம் கழித்து ராஜா சோதித்தபோது, மற்றவர்களைவிடப் பத்து மடங்கு தேறினவனாக நின்றான். நம்ம ஆட்களோ இதை அப்படியே தலைகீழாக்கி வைத்திருக்கிறார்கள். பிராஞ்சுக்காக நாற்பது நாள் உபவாசம் இருப்பார்கள். ஹாஸ்டலில் பிள்ளை யாரோடு சேருகிறான், ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறான் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

அப்படியானால் கிடைத்ததை மாற்றவே கூடாதா, பாஸ்டர்? நான் அப்படிச் சொல்லவில்லை. அப்போஸ்தலர் 16-ஐ வாசியுங்கள். பவுல் ஆசியாவுக்குப் போகப் பார்த்தார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதற்கும் தடை. பிறகுதான் துரோவாவில் மக்கெதோனியா தரிசனம் வந்தது. இதைக் கவனியுங்கள்: அவர் நடந்துகொண்டிருந்தபோதுதான் வழி மாறியது. வீட்டில் உட்கார்ந்து சீட்டுப் போட்டுப் பார்க்கவில்லை. (சீட்டுப் போடுகிறவர்கள் நம் சபையிலும் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, “தண்ணீர்” என்று வந்தால் சிவில், “அக்கினி” என்று வந்தால் எலக்ட்ரிக்கல் என்று முடிவு பண்ணுகிறவர்களும் உண்டு. வேண்டாம், பிள்ளைகளே!)

டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் சாட்சி உங்களுக்குத் தெரியும். மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்று இருந்த இளம்பெண். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவிகளுக்கு உதவி கேட்டார்கள். ஆண் டாக்டரை உள்ளே விட அவர்களுக்கு மனதில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரிதான் ஐடா தன் படிப்பைத் தீர்மானித்தார். அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். பிலடெல்பியாவில் ஆரம்பித்து, நடுவில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 1899-ல் பட்டம் வாங்கினார். வேலூர் சிஎம்சி அப்படித்தான் பிறந்தது. அவர் சம்பளப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்தெடுக்கவில்லை. செத்துப்போன மூன்று பேரைப் பார்த்துத் தெரிந்தெடுத்தார்.

லோத்தும் ஒரு தரம் தெரிந்தெடுத்தான். ஆதியாகமம் 13. கண்ணை ஏறெடுத்துப் பார்த்தான்; நீர்வளம் தெரிந்தது. பக்கத்தில் சோதோம் இருந்தது அவன் கண்ணில் படவில்லை. இன்றைக்கு நாம் “பேக்கேஜ் எவ்வளவு?” என்று கேட்கிறோமே, அதே கண்தான்.

போன வருஷம் ஒரு சகோதரி மகனோடு ஜெபத்துக்கு வந்தார்கள். பையன் ஐஐடியில் முதல் வருஷம், உலோகவியல். “ஐயா, இவன் கம்ப்யூட்டர் முன்னாலே உட்கார்ந்து தேசங்களை அசைப்பான்னு ஒரு ஊழியர் தீர்க்கதரிசனம் சொன்னார். பிராஞ்ச் மாறணும், ஜெபம் பண்ணுங்க” என்றார்கள். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “தம்பி, உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “ஐயா, எனக்கு இந்த மெட்டலர்ஜிதான் பிடிச்சிருக்கு. அம்மாகிட்ட சொல்லப் பயமாயிருக்கு. தீர்க்கதரிசனத்துக்கு எதிர்த்து நிக்கிற மாதிரி ஆயிடுமோன்னு தூக்கமே வரலை” என்றான்.

ஐயோ! பத்தொன்பது வயசுப் பிள்ளைக்குத் தூக்கம் போய்விட்டது. நல்ல ஹாஸ்டல்களிலேயே மனசு உடைந்து உயிரை விட்ட பிள்ளைகளைப் பற்றி நாம் பேப்பரில் வாசிக்கிறோம். தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணவும் கூடாது, சோதித்துப் பார்க்காமல் விடவும் கூடாது என்று பவுல் எழுதியிருக்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:20,21). பெசலெயேலைக் கர்த்தர் தம்முடைய ஆவியினால் நிரப்பினது எதற்காக? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய! யாத்திராகமம் 31-ல் இருக்கிறது. உலோக வேலைக்கும் அபிஷேகம் உண்டு ஐயா! அம்மாவை உள்ளே கூப்பிட்டு அந்த அதிகாரத்தை அவர்களையே வாசிக்கச் சொன்னேன். அழுதார்கள். சமாதானமாகப் போனார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு மகனோடு பேசிக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்குப் போனார்கள்.

பெற்றோரே, விதிகளையும் வாசியுங்கள். ஜோசா கவுன்சலிங்கில் ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு என்று மூன்று உண்டு. ஃப்ரீஸ் என்றால் கிடைத்ததே போதும் என்று முடித்துக்கொள்வது. ஸ்லைடு என்றால் அதே கல்லூரியில் நீங்கள் மேலே எழுதின பிராஞ்சுக்குக் காத்திருப்பது. ஃப்ளோட் என்றால் வேறு கல்லூரிக்கும் சம்மதம். தெரியாமல் அமுக்கிவிட்டு “சாத்தான் தடுத்தான்” என்று சொல்லாதிருங்கள். சேர்ந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்றும் நம்பிவிடாதிருங்கள். முதல் வருஷ மார்க்கை வைத்துச் சிலருக்கே அது கிடைக்கும். சில ஐஐடிகளில் அந்த வழியையே மூடிவிட்டார்கள். வேறு வாசல் உண்டு. 2022 முதல் ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க யுஜிசி அனுமதிக்கிறது. சென்னை ஐஐடியே டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பை ஆன்லைனில் நடத்துகிறது. அதற்கு ஜேஇஇ ரேங்க் தேவையில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கவுன்சலிங் பட்டியலோடு வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். பட்டியல் அவன் கையிலேயே இருக்கட்டும். கை வைத்து ஜெபிப்பேன். முதலில் எதைப் போடுவது என்று மட்டும் என்னிடம் கேட்கவேண்டாம், நான் சொல்லமாட்டேன்.