பழைய நோயும் புதிய துப்பாக்கியும்

மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயில் ஓர் உழவர் வாழ்கிறார் என வைத்துக்கொள்வோம். பெருநிலப் பரப்பிலே, கட்டுக்கரைக் குளத்தின் நீர் பாயும் சிறு வயல் அவருக்கு உண்டு. கதிர் முற்றும் வேளையில் காட்டுப் பன்றிகள் புகுந்து வயலை உழக்குகின்றன. துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் கோருகிறார். ஆனால், போரில் உற்றாரை இழந்து மனம் கலங்கிச் சில வாரங்கள் வைத்தியசாலையில் இருந்தவர் அவர். பின்னர் குணமடைந்து குடும்பத்தைத் தாங்கி வருபவர். அவரிடம் துப்பாக்கியைக் கொடுக்கலாமா?

கூடாதென்று பலர் உடனே கூறிவிடுவர். அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டுச் சட்டமும், மனநோய் வைத்தியசாலையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கிறது. மிச்சிகனில் ஒருவர் மணமுறிவுத் துயரால் 1986 இல் ஒரு மாதத்துக்கும் குறைவான காலம் அவ்வாறு சேர்க்கப்பட்டார். 25 ஆண்டுகள் கழித்து, 2011 இலும் அந்தப் பழைய ஏடே அவருக்குத் தடையாயிற்று. 2016 இல் மேல்முறையீட்டு மன்றம் அவரது முறையீட்டை ஏற்று, வழக்கை மீண்டும் விசாரிக்குமாறு கீழ்மன்றத்துக்கு அனுப்பியது.

குணமடைந்தவனை ஆயுள் முழுதும் நோயாளி என்று முத்திரையிடுவது நீதியாகுமா? சிகிச்சை பெற்றதே குற்றமாகுமெனில், துயருற்றோர் வைத்தியரை அணுகவும் அஞ்சுவர். அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லும் ஏழையின் நோய் ஏட்டில் ஏறும். பணமுள்ளவனின் நோயோ மறைவிலே ஆறும். இவ்வநீதியையும் நாம் மறத்தலாகாது. மேலும், நம் மண்ணில் 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில் சுட்டவர்களெல்லாம் சித்தம் கலங்கியவர்களா? பெரும்பாலோர் தெளிந்த அறிவுடனேயே சுட்டனர்.

அப்படியாயின் எல்லோருக்கும் துப்பாக்கி வழங்குவதா? அன்று. மனிதனின் கண்ணியம் வேறு, துப்பாக்கி வேறு. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள். ஒரு கணத் துயரம் எவரையும் பற்றலாம். அக்கணத்தில் கைக்கெட்டும் பொருள் எதுவோ, அதுவே சாவா வாழ்வா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இதற்கு இலங்கையே சான்று. 1995 முதல் கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. எவருடைய நோய் வரலாற்றையும் துருவவில்லை, எவரையும் இழிவுபடுத்தவில்லை. நஞ்சைக் கைக்கெட்டாமற் செய்தனர், உயிர்கள் பிழைத்தன.

இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகள், விண்ணப்பிப்போர் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் வைத்தியச் சான்று தரவேண்டும் என்கின்றன. வினா ஒருவனுக்கன்றி யாவருக்கும் பொதுவாகிறது. நெறி அதுவே. இலங்கையில் 1916 முதல் சுடுகலன் கட்டளைச் சட்டம் உண்டு. அனுமதி வழங்குவோர் எல்லோரிடமும் மூன்றைக் கேட்கட்டும்: தேவை என்ன? இன்றைய மனநிலை என்ன? எங்கே பூட்டி வைப்பாய்?

ஓலைத்தொடுவாய் உழவரும் இவற்றுக்கு விடை சொல்லட்டும். அவருடைய செல்வந்த அயலவரும் சொல்லட்டும். ஊரார் கூடி வேலியிட்டு முறைக்காவல் இருந்தால், இருவருக்குமே துப்பாக்கி வேண்டியிராது. அச்சத்தைத் தனித்தனியே ஆயுதமாக்குவதினும், காவலைப் பொதுவாக்குவதே மேலான வழியன்றோ?