திருஷ்டி பொம்மை

ஜீயபுரத்தில் கரூர் சாலையை ஒட்டி வீடு கட்டுகிறவர்கள் சுவர் எழும்பும்போதே திருஷ்டி பொம்மையை மாட்டிவிடுகிறார்கள். கோரைப்பல், துருத்திய நாக்கு, உருட்டிய விழி. அதன் முகம் தெருவைப் பார்த்திருக்கும். உள்ளே இருப்பவர்கள் அதைப் பார்ப்பதேயில்லை. யுத்த காலத்தில் எதிரித் தலைவனைக் கேலி செய்யும் சித்திரங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பொம்மை ஞாபகம் வருகிறது.

1971இல் வங்க ஓவியர் கம்ருல் ஹஸன் யாஹ்யா கானின் முகத்தை இப்படித்தான் வரைந்தார். பல்லும் ரத்தமுமாக ஒரு முகம். இந்த மிருகங்களைக் கொல்ல வேண்டும் என்ற பொருளில் ஒரு வாசகம். வங்கதேசத் தற்காலிக அரசு அதைச் சுவரொட்டியாக வெளியிட்டது. ஊரை இழந்து வந்தவரின் கோபம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு அருகதையில்லை. ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கொன்றது அரக்கன் அல்ல. உத்தரவும் கோப்பும் சம்பளப் பட்டுவாடாவும் ஒழுங்காக நடந்த ஒரு ராணுவம். யாஹ்யா அவ்வருஷம் டிசம்பர் 20ஆம் தேதி பதவி விலகினார். போர்க்குற்றம் சாட்டப்பட்ட 195 பேர், 1974இல் தில்லியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, விசாரணையின்றி ஊர் திரும்பினார்கள். ஒற்றைக் கோரைப்பல் முகத்துக்குள் அந்த 195 சாதாரண முகங்களுக்கு இடமில்லை.

எதிரி யார் என்பதும் நிலையானதல்ல. இரண்டாம் உலக யுத்தத்தின்போது கம்யூனிஸ்ட் கட்சியின் ‘பீப்பிள்ஸ் வார்’ பத்திரிகை சுபாஷ் சந்திர போஸை ஜப்பானின் கைப்பாவையாகக் கேலிப்படம் போட்டது. போஸைப் பற்றிய மதிப்பீடு பிழையென்று பிற்பாடு கட்சிக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். மதிப்பீட்டைத் திருத்திக்கொள்ளலாம். சிரித்த சிரிப்பைத் திரும்பப் பெற வழியில்லை.

எல்லைக்கு அப்பால் இருப்பவனைப் பார்த்துச் சிரிப்பதற்கு அரசாங்கமே சுவரும் காகிதமும் தரும். உள்ளூரில் கதை வேறு. 1987இல் சட்டசபை உறுப்பினரையும் மந்திரியையும் பற்றி அட்டையில் ஒரு ஜோக் போட்டதற்காக, ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. யுத்தம் ஏதும் இல்லாத காலம் அது. சில நாட்களில் அவரை விடுவித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கம்ருல் ஹஸனிடமே திரும்ப வேண்டியிருக்கிறது. 1988 பிப்ரவரி 2ஆம் தேதி, டாக்காவில் கவிஞர்கள் கூடிய மேடை. ராணுவத்தின் துணையோடு ஆட்சியைப் பிடித்திருந்த எர்ஷாதைக் குறிவைத்து, நாடு வெட்கங்கெட்டவன் பிடியில் இருக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்து ஒரு கோட்டுச் சித்திரம் போட்டார். அன்றே மாரடைப்பில் இறந்துபோனார்.

195 முகங்களைப் பற்றிய கேள்விக்கு இது பதிலாகாது. அது அப்படியே நிற்கிறது. ஆனால் 1971 சுவரொட்டியை இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். பொம்மையை வீட்டுப் பக்கமும் திருப்பி மாட்டத் துணிந்தவருக்கே அதைத் தெருப் பக்கம் மாட்டும் யோக்கியதை உண்டு.