திருவிழாக் காணச் செல்வோர் கடமை



நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் ஆடி அமாவாசையின் பின் ஆறாம் நாளிலே கொடியேறித் தொடங்கி, 24 ஆம் நாள் தேரும் 25 ஆம் நாள் தீர்த்தமுமாய் நிறைவெய்துதல் யாவரும் அறிந்ததே. அந்நாட்களில் யாழ்ப்பாணத்து ஊர்கள் யாவற்றினின்றும், வன்னியினின்றும், மட்டக்களப்புத் திருகோணமலைப் பகுதிகளினின்றும், கொழும்பினின்றும், கடல் கடந்த தேசங்களினின்றும் சனங்கள் வந்து நல்லூர் வீதிகளை நிறைக்கின்றனர். வருவோரை நோக்கி, எங்கே போகின்றீர்கள் என்று வினவினால், சுவாமி கும்பிடப் போகின்றோம் என்பார் சிலர். திருவிழாப் பார்க்கப் போகின்றோம் என்பார் பலர். இவ்விரு விடைகளும் ஒன்றா, வேறா? வேறாயின், பின்னையது குற்றமாமோ? இதனை நாம் இங்கே சிறிது சிந்திப்போம்.

சைவசித்தாந்தம் உலக இன்பத்தைப் பகையென்று தள்ளுவதன்று. ஆன்மாக்கள் ஆணவமலத்தால் மறைப்புண்டு கிடந்த நிலையை நோக்கி, இறைவன் பெருங்கருணையினாலே அவைகளுக்குத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் கொடுத்தருளினான் என்பது நமது சாத்திரத் துணிபு. இவற்றுள் போகமும் அவன் கொடுத்ததே. கண்ணுக்கு ஒளியும், செவிக்கு நாதமும், நாவுக்குச் சுவையும் அவனருளால் வந்தனவேயாம். ஆதலால், சுவாமி மயில்மீது எழுந்தருளும் அழகைக் கண்டு மகிழ்தலும், நாகசுர தவில் ஒலியைக் கேட்டு உள்ளம் உருகுதலும், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெண்மணல் வீதியிலே உலாவுதலும் குற்றமாகா. கொடுத்தவனை மறந்து கொடுத்த பொருளை மாத்திரம் பற்றுதலே குற்றமாம். தாய் உணவூட்டும்போது பிள்ளை கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்து, தாயின் முகத்தை ஒருகாலும் நோக்காதாயின் அஃது எத்தகையதோ, அத்தகையது இது.

இனி, நம் முன்னோர் திருவிழாவுக்குச் சென்ற முறைமையைக் கூறுவாம். புகையிரதப் பாதை யாழ்ப்பாணத்தைக் கொழும்போடு இணைத்தது 1905 ஆம் ஆண்டிலே. அதற்கு முன்னும், அதன்பின் நெடுங்காலமும், கிராமத்துச் சனங்களுக்குக் கால்நடையும் மாட்டுவண்டியுமே பயணத்துக்கு உரியனவாயிருந்தன. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, அயலவர் கூடி, இருட்டோடே புறப்படுவர். வழியிலே சுமையோடு வருபவன் பிறர் உதவியின்றி அதனை இறக்கி ஏற்றற்குச் சுமைதாங்கி இருந்தது. வண்டி மாடு நீர் குடிக்கக் கேணி இருந்தது. அது தன் உடலை உரசித் தினவு தீர்க்க ஆவுரஞ்சிக்கல் இருந்தது. இரவு தங்க மடம் இருந்தது. பருத்தித்துறையிலே தெருவின் இருபுறத்தையும் சேர்த்து மேலே மூடிக் கட்டப்பட்ட தெருமூடிமடம் இன்றும் நிற்கின்றது.

இவற்றைக் கட்டினோர் யாவர்? பெரும்பாலும் குடும்பத்தார், இறந்த தாயை, இறந்த மகளை நினைந்து தருமமாகச் செய்தோர். பிள்ளைப்பேற்றுக் காலத்திலே வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் பொருட்டுச் சுமைதாங்கி நாட்டுதல் நம் நாட்டு வழக்கம். தாம் இறக்கமுடியாத துன்பச் சுமையை, வழிப்போக்கன் சுமையை இறக்குவித்து ஆற்றிக்கொண்டனர். பயணஞ் செய்வோனது சுகம் அக்காலத்திலே விலைப்பொருளாயிருக்கவில்லை. பிறர் செய்த தருமமாயிருந்தது. ஒருவன் கோயிலை அடையுமுன்னரே பத்துப்பேருடைய அன்பினைப் பெற்றுக்கொண்டு சென்றான்.

இவ்வறத்தின் பெருமையைப் பெரியபுராணத்திலே அப்பூதியடிகணாயனார் சரித்திரத்திற் காண்கின்றோம். திங்களூரிலே வாழ்ந்த அப்பூதியடிகள், திருநாவுக்கரசு நாயனாரை நேரிலே கண்டறியார். ஆயினும் அவர்மேற் கொண்ட பேரன்பினாலே தண்ணீர்ப்பந்தல், சாலை, குளம் முதலிய அறங்களை அவர் திருப்பெயராலேயே செய்தார். வழியே வந்த நாயனார் குளிர்ந்த தண்ணீர்ப்பந்தலைக் கண்டு, அதிலே தம் பெயர் எழுதியிருத்தலையும் கண்டு வியந்து, செய்தவரை வினவி, அவர் மனையைத் தேடிச் சென்றார். உமது பெயரை விடுத்து வேறொரு பெயரை எழுதியது ஏன் என்று வினவியபோது, தம் முன் நிற்பவர் யாரென்றறியாத அப்பூதியார் வெகுண்டார். உண்மை அறிந்தபின் அவரடியில் வீழ்ந்தார். அன்பர்களே, இங்கே சிந்திக்கற்பாலது யாது? அப்பூதியார் தாம் காணவிரும்பிய பெரியாரைத் தேடி எங்கும் போகவில்லை. வழிச்செல்வோர் தாகத்தைத் தீர்த்துக்கொண்டு தம் ஊரிலேயே இருந்தார். அத்தண்ணீர்ப்பந்தலே அப்பெரியாரை அவர் வாயிலுக்கு அழைத்து வந்தது.

நல்லூர் வீதிகளிலே அன்பர்கள் இக்காலத்தும் தாகசாந்தி நிலையம் அமைத்து மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வழங்குதல் அவ்வறத்தின் வழிவந்ததேயாம். ஆனால், அதனை வாங்கிக் குடித்தவன் வெற்றுக் கோப்பையை வீதியிலே எறிந்து போகின்றான். அடுத்தநாள் விடியற்காலையிலே அங்கப்பிரதட்சிணை செய்யும் அடியவன் அவ்வீதியிலேதான் உருள்கின்றான். தருமத்தைப் பெற்றவனே தருமத்துக்கு இடையூறாதல் எவ்வளவு பரிதாபம்!

பயணஞ் செய்தலின் அருமையை நம்மவர் மறத்தலாகாது. 1990 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் புகையிரதம் நின்றது; அது மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேதான். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் தேதி இரவு, நல்லூரார் உட்பட வலிகாமத்துச் சனங்கள் மழையிலே, கையிலகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சி நோக்கி நடந்தனர். அதுவும் ஒரு பயணந்தான். அவ்வழியிலே மடமுமில்லை, தண்ணீர்ப்பந்தலுமில்லை. 2006 ஆம் ஆண்டு முதல் 2009 ஆம் ஆண்டு வரை கண்டி வீதி மூடப்பட்டிருந்தமையால், வெளியூரிலுள்ள பிள்ளைகள் பெற்றார் முகத்தைக் காணுதலும் அரிதாயிற்று. இன்று வழி திறந்திருக்கின்றது. புகையிரதம் வருகின்றது, 2019 ஆம் ஆண்டிலே பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. தடையின்றி ஓரிடத்தினின்று ஓரிடத்துக்குச் செல்லுதல் எளிதிற் கிடைத்த பொருளன்று என்று அறிந்தவர்கள் நாம். ஆதலின் அதனை வீணாக்குதல் பிறரினும் நமக்கே அதிகம் தகாது.

இங்கே நமது குற்றமொன்றை நாமே சொல்லுதல் முறையாகும். சில ஆண்டுகளின் முன், தேர்த்திருவிழாவன்று காலையிலே வீதியோரத்தில் நல்ல இடம் பிடித்து நின்றோம். ஆறுமுகப்பெருமான் தேரிலே எழுந்தருளி வருகையில், யாவரையும்போல நாமும் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடிக்கத் தலைப்பட்டோம். பின்னின்று ஒரு குரல் கேட்டது: "தம்பி, கையை ஒருக்காப் பதிச்சுப் பிடியுங்கோ, சுவாமியின்ரை முகம் தெரியேல்லை." திரும்பிப் பார்த்தோம். எழுபது வயதுக்கு மேற்பட்ட அம்மையார் ஒருவர், நெற்றி நிறைந்த திருநீற்றோடு, பெருவிரல்களை ஊன்றி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதோ, ஒரு கணம் என்று சொல்லி, அந்தப் படத்தை எடுத்து முடித்தபின்னரே கையைத் தாழ்த்தினோம். அதற்குள்ளே தேர் கடந்துவிட்டது. அவர் நம்மை வையவில்லை. "பறவாயில்லைத் தம்பி. முழங்கால் வருத்தத்தாலை மூன்று வரியமா வரேல்லை. இந்தமுறை முதல் பஸ்ஸிலை வந்தனான். வடத்தையாவது தொட்டுக் கும்பிட்டிட்டுப் போறன்" என்று சொல்லிச் சனத்துள்ளே மறைந்தார்.

வீடு திரும்பிப் படத்தைப் பார்த்தோம். அதிலே இருந்தன யாவை? உயர்த்திய கைகள், கைதோறும் ஒளிரும் கைத்தொலைபேசிகள், அவற்றுக்கப்பால் தேரின் ஒரு பக்கம். சுவாமியின் திருமுகம் இல்லை. நாமும் கண்ணாரக் கண்டிலோம். மூன்று வருடம் காத்திருந்து வந்த ஒருவரையும் காணவொட்டாது தடுத்தோம். அன்று நாம் செய்தது திருவிழாப் பார்த்தலுமன்று, சுவாமி கும்பிடுதலுமன்று. மறுவருடம் அவ்வம்மையாரை அதே இடத்திலே தேடினோம், காணவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கும் பாக்கியம் நமக்குக் கிடைத்திலது.

அற்றேல், நோயாளரும் கடல் கடந்திருக்கும் உறவினரும் காணும்பொருட்டுப் படம் பிடித்தல் புண்ணியமன்றோ எனின், ஆம், புண்ணியமே. தூரதேசத்திலே பனிக்குள் இருந்துகொண்டு தேர்க்காட்சியைக் கண்டு கண்ணீர் சொரியும் தாய்மாரை நாம் அறிவோம். ஆயின் அதன்பொருட்டு ஆயிரம் பேர் கையுயர்த்த வேண்டுவதில்லை. ஒருவர் எடுத்ததே உலகெங்கும் செல்லும். நாம் எடுத்த படத்தை யாருக்கு அனுப்பினோம், எத்தனைமுறை மீண்டும் பார்த்தோம் என்று நமது நெஞ்சையே வினவுதல் வேண்டும்.

மேலும், கச்சான் கடையும், ஐஸ்கிறீமும், வளையலும், பிள்ளைகளின் ஊதுகுழலும் விலக்கற்பாலனவோ எனின், அல்ல. விழா முடிந்து கச்சான் வாங்காது வீடு திரும்புதல் யாழ்ப்பாணத்தாருக்கு இயல்பாகுமா? அக்கடைக்காரருட் பலர் அந்த 25 நாள் வருவாயைக்கொண்டு ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கும் ஏழைகள். குழந்தைக்கு முதலிலே கோயிலை இனிமையாக்குவது தும்புமுட்டாசாயினும், பின்னே அவ்வினிமை சுவாமியிடத்துச் சென்று சேரும். நாம் வேண்டுவது முறை மாத்திரமே: முன்னர் வழிபாடு, பின்னர் கடைவீதி. அன்றியும், கோயிற் பூசை நடக்கும்போது அதன் மணியோசையை மூடும் ஒலிபெருக்கி எதுவாயினும் அது விலக்கற்பாலதே.

இந்நல்லூரிலே 1822 ஆம் ஆண்டில் அவதரித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள் கோயில்களிலே தாசிகள் நடனத்தையும் வாணவேடிக்கையையும் கடிந்தமை பலரும் அறிவர். அதனைக்கொண்டு அவர் மகிழ்ச்சிக்குப் பகைவர் என்று கருதுதல் தவறாம். சனங்கள் கூடுதலை அவர் வெறுக்கவில்லை; கூடியவர்கள் வெறுங்கையராய்த் திரும்புதலையே வெறுத்தார். ஆகையினாலன்றோ 1847 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31 ஆந் தேதி, வெள்ளிக்கிழமை இரவிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கஞ் செய்யத் தொடங்கினார். கூடும் வழக்கம் முன்னரே இருந்தது. அதனுள்ளே பொருளை வைத்தவர் அவர்.

அத்தகைய நற்பொழுதுபோக்கொன்று நம்மிடத்தே இருந்தது. இன்னும் முற்றாய் அழியவில்லை. அதுவே கந்தபுராண படனம். கச்சியப்பசிவாசாரியர் அருளிய புராணத்தை ஒருவர் இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரார் கோயில் மண்டபத்தில் இருந்து கேட்பர். எழுத்தறியாதவரும் சூரபன்மன் தவத்தையும் வீரவாகுதேவர் தூதினையும் அறிந்திருந்தனர். வாசிப்பவர் தவறினால் மூலையிலே இருந்த கமக்காரன் திருத்துவான். இளைப்பாறலும் கல்வியும் பத்தியும் அங்கே ஒன்றாயிருந்தன. இன்று மண்டபங்கள் உள, வாசிப்போரும் சிலர் உளர், கேட்போரே அருகினர்.

இன்னுமொன்று. நல்லூர்த் தேரடியிலே செல்லப்பா சுவாமிகள் பித்தர்போலத் திரிந்தார். அவரை அடைந்து யோகர் சுவாமிகள் ஞானம் பெற்றதும் அவ்விடத்திலேயே. நாம் கச்சான் உடைத்து உண்டுகொண்டு கடந்துபோகும் தேரடியும் அதுவே. இடம் ஒன்று, சென்றவர் கொண்டுவந்த பொருள் வேறு. கயிலையை நாடிச் சென்ற திருநாவுக்கரசர் கால்கள் தேய்ந்து, கைகள் தேய்ந்து, மார்பினால் ஊர்ந்து, உருண்டு, அங்கங்கள் யாவும் ஓய்ந்து கிடந்தபோது, இறைவன் கயிலைக்காட்சியைத் திருவையாற்றிலே காட்டியருளினான். தூரம் சென்றமையால் மாத்திரம் காட்சி வருவதன்று. அருகிருந்தமையால் மாத்திரம் வருவதுமன்று.

ஆதலால், அன்பர்களே, வரும் மகோற்சவத்திலே நாம் செய்யத்தக்கன சில கூறி முடிப்பாம். சுவாமி எழுந்தருளி வருகையிலே இரண்டு கைகளும் கூப்புதற்கே உரியனவாகுக. உண்ட இலையையும் குடித்த கோப்பையையும் பொலித்தீன் பையையும் நாமே எடுத்துச் சென்று உரிய இடத்திற் போடுக. விழாக்காலத்தில் ஓரிரவாயினும் பிள்ளைகளோடு இருந்து புராணப்பொருள் கேட்க. எல்லாவற்றினும் மேலாக, நம் அயலிலே தனித்துப் பயணஞ் செய்ய இயலாத முதியவர் ஒருவரேனும் இருப்பர். அவரை நமது வாகனத்திலே அழைத்துச் சென்று, நமக்கு முன்னே நிறுத்திச் சுவாமியைக் காணச் செய்க. பிள்ளைகள் யாவரும் வெளிநாட்டிலிருக்கத் தனியே வாழும் பலர் நம் ஒழுங்கைகளிலே உளர். இக்காலத்துக்கு இதுவே சுமைதாங்கி, இதுவே தண்ணீர்ப்பந்தல்.

அந்த அம்மையாரைக் காணாத வருடந் தொடக்கம் நாம் அயல்வீட்டு முதியவர் ஒருவரை அழைத்துச் சென்று வருகின்றோம். அவருக்குக் கண்பார்வை மங்கல். தேர் எங்கே வருகின்றது, சுவாமிக்கு இன்று என்ன நிறத்து மாலை என்று அவர் வினவ, நாம் பார்த்துப் பார்த்துச் சொல்லவேண்டியிருக்கின்றது. ஆதலால் இப்பொழுதுதான் நாமும் உண்மையிலே பார்க்கின்றோம்.

நல்லைக் கந்தன் திருவருள் யாவரையும் காப்பதாக.

திருச்சிற்றம்பலம்.