உள்ள அளவு

'எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்' என்பது நம் பழமொழி. இதைச் சொல்லுகிறவர்கள் தலையின் பெருமையைப் பேசி முடித்துவிடுகிறார்கள். எனக்கோ அந்த 'எண் சாண்' என்ற முதற்பாதியில்தான் வியப்பு. நெட்டையனுக்கும் எட்டுச் சாண்தான். குட்டையனுக்கும் எட்டுச் சாண்தான். அவரவர் கைச் சாணால் அவரவர் அளந்துகொண்டால் உலகத்தில் உயர்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லை. எண்ணிப் பார்த்தால் இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அளவை வைத்துக்கொண்டு ஒருவருக்கும் ஒரு சட்டை தைக்க முடியாது!

தன்னைத் தன் கையாலேயே அளந்துகொள்ளுகிற மனிதன் தன் உண்மை அளவை எப்போதாவது அறிய முடியுமா? தத்துவ நூல்கள் இந்தக் கேள்வியை ஆன்மாவைப் பற்றிக் கேட்கின்றன. நான் ஒரு கோட்டைப் பற்றிக் கேட்கப் போகிறேன்.

எங்கள் தாமிரபரணிக் கரை அளவெடுத்த உடைக்குப் பேர்போன சீமை அல்ல. நெல்லையப்பர் கோயில் வாசலில் இரண்டு முழம் பிச்சிப்பூ வாங்கினால், அங்கே பூக்கார அம்மாளின் முழங்கைதான் சட்டம். அவள் கை நீளமானால் உங்களுக்கு லாபம். குட்டையானால் அவளுக்கு லாபம். வேட்டியும் அப்படியே. நாலு முழம், எட்டு முழம் என்பது துணியின் அளவே தவிர, கட்டுகிறவனின் அளவு அல்ல. தகப்பன் கட்டிய வேட்டியை மகன் கட்டலாம். ஒல்லியாய் இருந்தபோது கட்டியதைத் தொந்தி விழுந்த பிறகும் கட்டலாம். மடிப்பு ஒன்று குறையும், அவ்வளவுதான். வேட்டி மன்னிக்கும், ஆனால் எதையும் சொல்லாது.

நூறு ஆண்டுகளுக்கு முந்திய நம்மவர்களின் புகைப்படங்களில் ஒரு வேடிக்கையைக் காணலாம். வக்கீல்களும் வாத்தியார்களும் மேலே கோட்டும் தலையில் தலைப்பாகையும் கீழே வேட்டியுமாக நிற்பார்கள். ஒட்டப்பிடாரத்து வ. உ. சிதம்பரம் பிள்ளையையும், திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த பாரதியையும் கோட்டுடனேதான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மேற்பாதி தையற்காரர் அளந்தது; கீழ்ப்பாதி தானே சுற்றிக்கொண்டது. பாதி அளவுக்கு உட்பட்டு, பாதி அளவுக்குத் தப்பி நின்ற தலைமுறை அது.

அளவெடுத்த உடையையே வேண்டாமென்று கழற்றிப்போட்ட ஒருவரும் உண்டு. 1888-ல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தி, பம்பாயில் தைத்த உடுப்புகள் அந்த ஊருக்கு ஒவ்வாது என்று எண்ணி, பாண்ட் தெருவில் பத்து பவுன் செலவழித்து ஒரு மாலை உடுப்புத் தைத்துக்கொண்டதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே மனிதர் 1921 செப்டம்பர் 22-ம் தேதி, நம் மதுரையில், இடுப்பில் ஒரு முழத்துண்டோடு நின்றார். ஊசி படாத, அளவே கேட்காத துணி. அவருக்கு அது பொருந்தியது. ஏனென்றால் ஏழையின் நிலையோடு தம்மை ஓயாமல் அளந்துகொண்டே இருந்த மனிதர் அவர். நம்மைப் போன்றவர்கள் அளவற்ற துணியைத் தேடுவது பெரும்பாலும் துறவினால் அல்ல, தொந்தியினால்.

இப்போது கதைக்கு வருகிறேன். என் தங்கை மகனுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. பையனுக்குப் பெங்களூரில் வேலை. பெண் வீடு அம்பாசமுத்திரம். வரவேற்புக்கு மாப்பிள்ளை கோட்டும் சூட்டும் அணிவது இப்போது இந்தப் பக்கத்திலும் ஊன்றிவிட்ட வழக்கம். அதைப் பெண் வீட்டார் எடுத்துக் கொடுப்பதும் வழக்கம். "அளவை எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தார்கள். இவனும் ஒரு நண்பனை வைத்து அளந்து அனுப்பிவிட்டான். அந்தத் தாளோடு பெண்ணின் அண்ணனும், மாமன் என்ற முறையில் நானும், டவுனில் ஒரு பழைய தையற்கடைக்குப் போனோம்.

தையற்காரர் எழுபதைத் தாண்டியவர். தாளை வாங்கிப் படித்தார், ஒன்றும் பேசவில்லை. பெண்ணின் அண்ணன் காப்பி சொல்லிவிட்டு வர வெளியே போன பிறகுதான் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நெஞ்சு 43, சீட்டு 44, கழுத்து 17ன்னு எழுதியிருக்கு. வயிறு மட்டும் 34. இப்படி ஒரு ஆளு இருந்தா பயில்வானா இருக்கணும். இல்லைன்னா, டேப்பு வயித்துப் பக்கம் போகவே இல்லை."

"அவனைக் கடைக்கு வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், வீட்டுலயே வச்சு எடுங்க. கடையில நாலு பேரு இருப்பாவ. பாத்தா கூச்சம் வரும்லா? கூச்சம் வந்தா வயித்த எக்குவாவ. எக்குன வயித்துக்குத் தச்ச கோட்டு, மூச்சு விட்டதும் பொத்தான் தெறிச்சிரும்."

பொய் ஓர் எண்ணில் ஒளிந்திருந்தாலும் பக்கத்து எண்கள் காட்டிக் கொடுத்துவிடுகின்றன என்பதை அன்று கண்டேன். அதைவிட, பெண் வீட்டு ஆள் வெளியே போகும்வரை அந்த முதியவர் காத்திருந்த நாகரிகத்தையும் கண்டேன். இதைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன்.

வீட்டில் அளவெடுக்கும் முறையை அவர் எனக்கு விளக்கமாகச் சொல்லியனுப்பினார். மெல்லிய சட்டையின் மேல் எடுக்க வேண்டும். பையில் பர்சும் போனும் இருக்கக் கூடாது. பெல்ட்டைக் கழற்ற வேண்டும். நெஞ்சுக்கு டேப்பைக் கக்கத்துக்குக் கீழே விட்டு, முதுகில் தோள்பட்டை எலும்பின் மேலாகச் சுற்றி, முன்னும் பின்னும் ஒரே மட்டமாகப் பிடிக்க வேண்டும். தோளுக்கு, முதுகுப்புறமாக ஓர் எலும்பு முனையிலிருந்து மறு முனை. கைக்கு, முழங்கையைச் சற்றே மடக்கித் தோள் முனையிலிருந்து மணிக்கட்டு வரை. வயிற்றுக்கு, தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்ட நிலையில். கால்சட்டைக்கு, அதை எங்கே கட்டுவாரோ அங்கே இடுப்பு அளவு. உட்காலுக்குத் தொடைச் சந்திலிருந்து குதிகால் வரை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை எடுக்க வேண்டும். அரை இஞ்சுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறை. இரண்டு தோளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒரு தோள் இறங்கியிருப்பது மிகவும் சாதாரணம்.

கடைசியாக ஒன்று சொன்னார். அளவு கொடுக்கிறவர் டேப்பைத் தொடவும் கூடாது, குனிந்து எண்ணைப் பார்க்கவும் கூடாது. குனிந்தால் முதுகு வளையும், நெஞ்சு ஒடுங்கும், வயிறு பிதுங்கும். பார்க்க முயன்ற அந்தக் கணத்திலேயே அளவு மாறிவிடும். ஆகவே எதிரே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு, தினமும் நிற்கிறபடி நிற்க வேண்டும். உலகத்திலேயே கடினமான காரியம் இதுதானோ என்று எனக்குத் தோன்றிற்று. 'சும்மா இரு' என்று ஞானிகள் சொன்னதைத் தையற்காரர், 'சும்ம நில்லுங்க' என்கிறார்.

பொங்கலுக்குப் பையன் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அளந்தோம். முதலில் டேப்பைப் பிடித்தவள் என் தங்கை. "பிள்ளை இளைச்சுல்லா போயிருக்கான்!" என்று சொல்லிக்கொண்டே டேப்பை இறுக்கினாள், 38 வந்தது. அடுத்து அவன் தங்கை பிடித்தாள். "அண்ணே, மூச்ச விடு" என்றாள். அவன் விட்டான். 41.

அவன் என்னைத் தனியே அழைத்துக்கொண்டு போனான். "மாமா, அந்த ஓர் அளவை மட்டும் நீங்களே போய் வாயால சொல்லிருங்க. தாள்ல வேண்டாம். அவங்க வீட்டுல பார்ப்பாங்க."

"அந்தப் பெண் உன்னை நேரில் பார்த்தவள்தானேடா?"

"பார்த்தா. நான் உக்காந்திருந்தேன் மாமா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு வயது முப்பத்தாறு. மூன்று இடங்கள் கைகூடாமல் போயிருந்தன. அதில் ஓர் இடத்தில், பையன் பருமன் என்று சொல்லிவிட்டது அவன் காதுவரை வந்திருந்தது. அவன் மறைக்க நினைத்தது ஏழு இஞ்சுத் துணியை அல்ல. நான் ஒன்றுதான் கேட்டேன்: "கோட்டை ஒருநாள் போடப் போகிறாய், அந்தப் பெண்ணோடு எத்தனை நாள் இருக்கப் போகிறாய்?" அவன் வெகுநேரம் பேசாதிருந்துவிட்டு, பேனாவை வாங்கித் தானே 41 என்று எழுதினான். தாள் அம்பாசமுத்திரம் வழியாகவே போயிற்று. கோட்டும் பொருந்திற்று.

டேப்பிடம் நாம் ஏன் பொய் சொல்லுகிறோம்? டேப்புக்கு ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. தமிழ்நாட்டுத் தையற்கடைகளில் கழுத்தில் தொங்குகிற அந்த 60 இஞ்சு நாடா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்நாட்டில் பரவிய கருவி. அதற்கு முன்பு அங்கே ஆளுக்கு ஒரு காகிதப் பட்டை வைத்திருந்தார்கள். நெஞ்சுக்கு ஒரு வெட்டு, இடுப்புக்கு ஒரு வெட்டு என்று அதில் அடையாளம் செய்துகொள்வார்கள். அதில் எண் கிடையாது. ஆகவே பெருமையும் கிடையாது, வெட்கமும் கிடையாது. எண் வந்த பிறகுதான் ஒருவனுடைய இடுப்பை இன்னொருவனுடைய இடுப்போடு ஒப்பிட முடிந்தது. ஒப்பிட முடிந்ததும் பொய் தொடங்கிற்று.

அந்தப் பொய்யில் மூன்று வகையைக் கண்டிருக்கிறேன். வயிற்றை எக்குவது ஒன்று. நெஞ்சை விம்முவது ஒன்று. இரண்டும் வெளிப்படையானவை, குழந்தையும் கண்டுபிடித்துவிடும். மூன்றாவதுதான் நுட்பமானது. "என் இடுப்பு 32" என்று ஒருவர் சத்தியம் செய்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. கல்லூரி நாளில் எடுத்த அளவைச் சொல்லுகிறார். அன்று மெய்யாக இருந்தது இன்று பொய்யாகிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. 'நான் யாருக்கும் தீங்கு நினைத்ததில்லை', 'எனக்குக் கோபமே வராது' என்று நாம் நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளுகிற பலவும் இந்த மாதிரிப் பழைய அளவுகள்தாம்.

ஊரோடு ஒத்த பொது அளவு ஒன்றை எடுத்துக்கொண்டு தப்பித்துவிடலாம் என்றால் அதுவும் நடவாது. 1950-ல் அமெரிக்க விமானப்படை நாலாயிரத்துக்கு மேற்பட்ட விமானிகளை அங்கம் அங்கமாக அளந்தது. சராசரி விமானிக்கு ஏற்றபடி இருக்கை அமைப்பது நோக்கம். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் அவற்றில் முக்கியமான பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரியை ஒட்டி இருப்பவர் எத்தனை பேர் என்று பார்த்தார். 4,063 பேரில் ஒருவர்கூட இல்லை! இருக்கையை அவரவருக்கு ஏற்ப நகர்த்தும்படி செய்வதுதான் வழியென்று ஆயிற்று. கடையில் தொங்கும் ஆயத்த உடை யாருக்கும் ஓரளவு பொருந்துவதற்கும், யாருக்கும் முழுக்கப் பொருந்தாததற்கும் காரணம் இதுவே. சராசரி மனிதன் என்று ஒருவன் இல்லாதபோது, அவன் முதுகுக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்வது எப்படி?

அப்படியானால் உண்மையை இறுக்கிப் பிடிப்பதுதான் அறமா? இங்கேதான் அந்த முதியவரின் தொழில் எனக்கு ஒன்றைக் கற்பித்தது. அளந்த அளவுக்கே எந்தத் தையற்காரரும் வெட்டுவதில்லை. நெஞ்சு 43 என்றால் கோட்டில் அதற்கு மேல் மூன்று நான்கு இஞ்சு தளர்வு விடுகிறார். இல்லாவிட்டால் கையைத் தூக்க முடியாது, உட்கார முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மார்கள், "வளர்ற பிள்ளை, கொஞ்சம் லூசா தைங்க" என்பார்கள், அதையும் கேட்டுக்கொள்கிறார். இறங்கிய தோளுக்குள் சிறிது பஞ்சு வைத்து நிரப்பித் தருகிறார். இத்தனை சலுகையும் அளவு எடுத்த பிறகு, வெட்டும்போது கொடுக்கப்படுவது. அளவிலேயே சலுகையைக் கலந்தால் காரியம் கெட்டது. அளவு கொடுப்பவர் இரண்டு இஞ்சு குறைத்து, எடுப்பவர் அன்பினால் ஒன்று குறைத்து, தைப்பவர் சந்தேகத்தினால் மூன்று கூட்டினால், வருவது கோட்டல்ல, கோணி.

நம் இல்லறத்திலும் நட்பிலும் நடக்கிற கோளாறு பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். வரன் தேடும்போது எழுதுகிற குறிப்பைப் பாருங்கள். உயரத்தில் ஓர் இஞ்சு, சம்பளத்தில் ஒரு பூஜ்யம், குணத்தில் ஒரு சுத்தத் தங்கம்! இரண்டு பக்கமும் கூட்டிக் குறைத்து எழுதிவிட்டு, பிறகு இரண்டு பக்கமும் ஏமாந்ததாக வருந்துகிறோம். உள்ள அளவைச் சொன்னால் எதிராளி இரக்கம் காட்டமாட்டான் என்று பயந்து, அந்த இரக்கத்தை நாமே திருடி எண்ணுக்குள் பதுக்கிவிடுகிறோம். பயம் பொய்யென்று சொல்லமாட்டேன். எண்ணைப் பார்த்து எழுந்து போய்விடுகிறவர்களும் உண்டு. ஆனால் இருந்து, தளர்வு விட்டு, நமக்கென்று வெட்டித் தரக்கூடிய ஒருவருக்கும் நம் உண்மை அளவு தெரியாமல் போனால், அவருடைய கருணைகூட நம் மேல் பொருந்தாமல் தொங்கும்.

பிறரை அளக்கும்போதோ நமக்கு நேர்மாறான பழக்கம். அவர்களுக்கு டேப்பை இறுக்குகிறோம். வெட்டும்போது ஓர் அங்குலமும் விடுவதில்லை. போதாக்குறைக்கு, நாலு பேர் கேட்க எண்ணைக் கூவுகிறோம். ஒருவன் குறையைக் கண்டபின், மூன்றாம் ஆள் வெளியே போகட்டும் என்று காத்திருப்பதற்கு எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கிறது?

நல்ல கோட்டு ஒன்றைப் புரட்டி உட்பக்கத்தைப் பாருங்கள். முதுகுத் தையலின் ஓரத்திலும் பக்கத் தையலிலும் துணியைக் கொஞ்சம் அதிகமாகவே மடித்து விட்டிருப்பார்கள். நாளைக்கு உடம்பு பெருத்தால் பிரித்துவிட அது உதவும். உடுத்துகிறவனுக்கு அது தெரியாது, பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. தைத்தவருக்கு மட்டும் தெரியும். மனிதன் மாறுவான் என்று எதிர்பார்த்து, அதற்காக அவனைக் கடிந்துகொள்ளாமல், முன்கூட்டியே விட்டுவைத்த இடம் அது. ஆனால் அந்த இடத்தை எங்கிருந்து எண்ணி விடுவது என்று அவருக்குத் தெரிய வேண்டுமானால், ஒருநாள் நாம் மூச்சை விட்டுவிட்டு அவர் முன்னால் சும்மா நின்றிருக்க வேண்டும்.