கேட்டு வாங்கும் மரியாதை

ஜப்பானில் ஒரு நிறுவனத்துக்கு வெளியிலிருந்து தொலைபேசி வருகிறது. தலைவர் தனகாவிடம் பேச வேண்டும் என்கிறார்கள். உள்ளே அவரைத் 'தலைவர்' என்றே அழைக்கும் இளம் ஊழியர், இப்போது பதவியையும் 'சான்' என்ற மரியாதை விகுதியையும் விட்டுவிட்டு, "தனகா வெளியே போயிருக்கிறார்" என்பார். தம்மவர் எவ்வளவு பெரியவரானாலும் அயலார் முன் தாழ்த்திச் சொல்வதுதான் அங்கே முறை. வினைச்சொற்களும் அதற்கேற்ப மாறும். நீங்கள் சாப்பிட்டால் 'மெஷியாகரு', நான் சாப்பிட்டால் 'இத்தாதாகு'. 'கெய்கோ' எனப்படும் இந்த மரியாதை மொழியில் ஜப்பானியர்களே தடுமாறுவார்கள். 2007இல் அரசின் கலாசார ஆலோசனைக் குழு இதை ஐந்து வகையாகப் பிரித்து வழிகாட்டி நூலே வெளியிட வேண்டியிருந்தது.

இத்தனை நுட்பமும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: நான் தாழ்ந்தால் நீங்களும் தாழ்வீர்கள். ஒருவர் மட்டும் தாழ்ந்துகொண்டே இருந்தால் அதற்குப் பெயர் பண்பாடு அல்ல, அடிமைத்தனம்.

அப்படி ஒருபக்கமாகச் சாய்ந்துபோன வாசகம் ஒன்று உண்டு. ஜப்பானியப் பாடகர் மினாமி ஹருவோ தம் முன் அமர்ந்திருக்கும் ரசிகர்களைத் தெய்வங்கள் என்றார். சன்னிதியில் நிற்பதுபோல் மனத்தைத் தூய்மையாக்கிக்கொண்டு பாட வேண்டும் என்பதே அவர் எண்ணம். அது பாடுகிறவர் தமக்கு விதித்துக்கொண்ட ஒழுக்கம். கடைத்தெருவுக்கு வந்ததும் அந்த வாசகம் தலைகீழானது. காசு கொடுப்பவன் தன்னையே தெய்வமாக்கிக்கொண்டான்.

2013இல் சப்போரோ நகரத் துணிக்கடை ஒன்றில், வாங்கிய பொருள் பழுது என்று சினந்த ஒரு பெண், ஊழியர்களை மண்டியிட்டு நெற்றி தரையில் படும்படி மன்னிப்புக் கேட்க வைத்தார். அதைப் படமெடுத்து இணையத்திலும் போட்டார், கைதானார். 'தோகேசா' என்னும் அந்த வணக்கம், தன் பிழையை உணர்ந்தவர் தாமாகவே விழுவதற்கு உரியது. வற்புறுத்தி வாங்கியபின் அதில் மரியாதை ஏது? விழுந்தவரைவிட விழவைத்தவர்தான் அங்கே சிறுத்துப்போனார்.

வாடிக்கையாளர் கொடுமைக்கு ஜப்பானியர் 'கசுஹரா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதிலிருந்து காக்கவே, டாக்சி, பேருந்துகளுக்குள் ஓட்டுநரின் பெயரை எழுதி வைக்கும் கட்டாயம் 2023 ஆகஸ்டில் நீங்கியது. டோக்கியோ மாநகரம் 2024 அக்டோபரில் இக்கொடுமையைத் தடுப்பதற்கெனவே தனிச்சட்டம் இயற்றியது. 2025 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. ஊழியரை வாடிக்கையாளர் துன்புறுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. மீறினால் தண்டனை எதுவும் அதில் இல்லை.